முதலில் உட்கார்ந்தவள்

அந்த நாற்காலிக்கு அரவணை என்று பெயர் வைத்திருந்தார்கள். பாம்பின் மேல் படுத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடப் பெருமாளால் முடியும். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்த்துப் பிழைக்கிற கோகிலவாணியால் முடியுமா என்று பெயர் வைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

நாற்காலிகள் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. செவ்வாய் போதாதென்று ராகு காலம் வேறு. இரண்டாம் மாடியின் பத்துப் பேரும் பழைய நாற்காலிகளைப் பறிகொடுத்துவிட்டுப் புதியவற்றைச் சுற்றி நின்றார்கள்.

பொருத்த வந்த அப்பாஸ் நல்ல பேச்சுக்காரன். "இது சும்மா நாற்காலி இல்லீங்க. மொதத் தடவை உட்காரும்போது ஆளை முழுசாப் படிச்சுக்கும். முதுகெலும்பு, எடை, மூச்சு, நாடி எல்லாமே. பச்சை வெளக்கு எரியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. பொறவு இடுப்புத் தாங்கல், கைப்பிடி உயரம், தலை வைக்கற எடம், எல்லாத்தையும் அதுவே உங்களுக்குத் தக்கன மாத்திக்கும். முட்டிக்குப் பின்னால மூணு விரல் போகற சந்து இருந்துதுன்னா, உங்களுக்குப் பொருந்திருச்சுன்னு அர்த்தம்."

இன்னொரு சங்கதியும் சொன்னான். மனசு பதறாமல் இருப்பதற்காக, உட்கார்ந்திருப்பவரின் நாடித்துடிப்பையே அது முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்குமாம். குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரிதான். ஆனால் இங்கே தூங்கினால் சம்பளம் கிடையாது. சொல்லிவிட்டு அப்பாஸ் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டான்.

பத்துப் பேரும் பட்டம் வாங்கியவர்கள். ஆனாலும் ராகு காலத்தில் புது நாற்காலியில் முதலில் உட்கார ஒருவருக்கும் துணிச்சலில்லை. "திலகாக்கா உட்காரட்டும்" என்றார் வேலுச்சாமி. அந்தப் பிரிவிலேயே மூத்தவர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதர். அவர் சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

திலகவதிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளமான உருவம். இடது பக்கமாகச் சாய்ந்து, இடது கைப்பிடியில் முழங்கையை ஊன்றித்தான் எப்போதும் உட்காருவாள். அவள் ராசிக்காரி என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. அவள் கையால் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் ஒருத்தனுக்குக் கனடா கிடைத்தது. அவள் தொட்டுக்கொடுத்த ஜாதகம் அடுத்த வாரமே கூடியது. அதனால் யார் புது வண்டி வாங்கினாலும் சாவி முதலில் அவளிடம்தான் போகும்.

"இதென்ன பட்டாபிஷேகமா?" என்று சிரித்துக்கொண்டே திலகவதி உட்கார்ந்தாள். முதலில் கோகிலாவின் நாற்காலி. பிறகு வேலுச்சாமியுடையது. இப்படி ஒன்பதிலும். "பச்சை வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்கக்கா, பாதியில எந்திரிச்சா ராசியும் பாதியில நின்னுக்கும்" என்று ஆளாளுக்குக் கலாட்டா செய்தார்கள். ஒன்பதாவதில் அவள் முகம் கொஞ்சம் வாடியது. பாவம், உட்கார்ந்து எழுந்தே களைத்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

பத்தாவது அவளுடைய நாற்காலி. அதில் அவள் உட்காரவில்லை. "என்ற ராசி எனக்கு ஆகாது கண்ணு. நீ உட்காரு" என்று கோகிலாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கோகிலா அந்த மாடியிலேயே உயரமானவள். ஒட்டகச்சிவிங்கி என்று பட்டப்பெயர். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, வலி ஆரம்பித்தது. இடுப்பைத் தாங்க வேண்டிய புடைப்பு கோகிலாவுக்கு வால் எலும்பில் குத்தியது. தலை வைக்கும் இடம் பிடரியை முன்னால் தள்ளியது. கைப்பிடியோ இடது பக்கம் தாழ்ந்து கிடந்தது. அவள் நிமிர்ந்தால் நாற்காலி அழுத்தி வளைத்தது. 'உங்கள் உடல் பழகிக்கொள்ள அவகாசம் கொடுங்கள்' என்று திரையில் அன்பாக ஒரு வரி வரும். பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர் உட்கார்ந்து பழகிய ஜனங்கள். அனுசரித்துக்கொண்டார்கள். குறை நாற்காலியில் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தன் உடம்புதான் கோணல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வலியையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டலைத்தான் கோகிலாவால் தாங்க முடியவில்லை. முதுகில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே வரும். திடீரென்று ஒரு தட்டு விட்டுப்போகும். அந்த இடைவெளியில் கோகிலாவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிடும். பிறகு அவசர அவசரமாக இரண்டு தட்டு. என் நெஞ்சு இப்படியா அடிக்கிறது என்று அடுத்த தட்டுகளை எண்ணத் தொடங்குவாள்.

ஊழியர் நலப் பிரிவிலிருந்து நிரஞ்சனா கூப்பிட்டு அனுப்பினாள். சென்னையிலிருந்து வந்தவள், இனிமையாகப் பேசுவாள்.

"பயப்படாதீங்க கோகிலா. உங்க நாற்காலி அறிக்கையில இதயத்துல ஒரு குறை தெரியுது. எப்ப வேணா நின்னு போகலாம்னு வகைப்படுத்தியிருக்கு."

"எப்ப வேணான்னா எப்பங்க?"

"அது தேதி சொல்லாது. ஆனா மாசக் கடைசியோட உங்க ஒப்பந்தம் முடியுதில்ல? புதுப்பிக்கிறது கஷ்டம். உங்க நல்லதுக்குத்தான். இதை வெளிய யார்கிட்டயும் பேச வேண்டாம், சரியா?"

கோகிலா அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடினாள். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டர், உங்களுக்கு ஒன்றுமே இல்லை, குதிரை மாதிரி இருக்கிறது நெஞ்சு என்றார். அந்தச் சான்றை நிரஞ்சனாவிடம் கொண்டுபோய் வைத்தாள். "டாக்டர் ஒரு நிமிஷம் கேட்டார். நாற்காலி நாள் பூரா கேட்குது. நீங்களே சொல்லுங்க, நான் யாரை நம்புறது?" என்றாள் நிரஞ்சனா.

உண்மையைச் சொன்னால், கோகிலாவும் நாற்காலியைத்தான் நம்பினாள். விட்டுப்போகும் அந்தத் தட்டை அவள் முதுகு தினமும் வாங்குகிறதே. கணவனிடம் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை உட்காரவைத்து, தானாகத் தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். "நீ பின்னிவிடும்மா" என்று அது சிணுங்கியபோது, அவளுக்கே பழக்கமில்லாத கோபத்தில் குழந்தையை அடித்துவிட்டாள். பிறகு குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாவு பயம் அப்படித்தான், யார் மேலாவது கையை ஓங்க வைக்கிறது.

ரகசியம் என்று சொன்னதைக் காப்பாற்றியது கொஞ்ச நாள்தான். ஒரு நாள் உணவுக்கூடத்தில் வேலுச்சாமி சாப்பாட்டை அளைந்துகொண்டே, "என்ற நெஞ்சு எப்ப வேணா நின்னுக்குமாமா" என்று சொல்லிவிட்டுத் தேம்பினார். எதிரில் இருந்தவள் கையிலிருந்த உருண்டை தட்டிலேயே விழுந்தது. அவளுக்கும் அதேதான். பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே. ஒன்பது பேருக்கும் ஒரே நோய், ஒரே வார்த்தை.

அதற்குப் பிறகு இரண்டாம் மாடியில் யாரும் உரக்கப் பேசவில்லை. குளிரூட்டியிலிருந்து வரும் காற்றில் விஷம் என்றான் ஒருவன். தண்ணீர் என்றாள் இன்னொருத்தி. கட்டடம் கட்டும் முன்னால் இந்த இடம் சுடுகாடாம் என்று யாரோ கொளுத்திப்போட, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். தப்பித்தவள் திலகவதி ஒருத்திதான். அவள் நாற்காலி மட்டும் நல்ல சேதி சொல்லியிருந்தது. அதனால் நோயாளிகள் ஒன்பது பேரின் கோப்புகளையும் அவள் தலையில் கட்டி, நாற்காலியோடு மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். "ராசிக்காரின்னா சும்மாவா?" என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

அவளை மாற்றிய மறுநாள், புதன்கிழமை, மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது கோகிலா போகவில்லை. பசியில்லை. சுவரில் சாய்ந்து நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் எழுந்த கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு தங்கள் பழைய நிலைக்குத் திரும்பின. நெட்டையான அவளுடைய நாற்காலி தாழ்ந்தது. பருமனான வேலுச்சாமியின் நாற்காலியும் அதே அளவுக்குத் தாழ்ந்தது. ஒன்பதிலும் இடது கைப்பிடி இறங்கியது. ஒன்பது முதுகுகளும் இடது பக்கம் மெல்லச் சாய்ந்தன.

கண்ணுக்குத் தெரியாத ஒரே ஆள் ஒன்பது நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்தாள்.

ஓடிவிடத்தான் கோகிலாவுக்குக் கால் துடித்தது. ஆனால் ஒரு சந்தேகம் அவளைப் பிடித்து நிறுத்தியது. தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்தாள். முதுகில் ஒரு தட்டு விட்டுப்போனது. மணிக்கட்டில் விட்டுப்போகவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். முதுகில் தட்டிக்கொண்டிருந்த நெஞ்சு அவளுடையது இல்லை.

அந்த நிமிடம் அவளுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் சாகப்போவதில்லை, நான் சாகப்போவதில்லை என்று வாய்விட்டே சொன்னாள். மகளுக்கு நாளைக்கு நானே தலை பின்னிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷம் அடங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் இது யாருடைய நெஞ்சு? இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவள் யார் என்று அவளிடம் ஒருவரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பாஸைத் தொலைபேசியில் பிடித்தாள். கண்டதையெல்லாம் சொன்னாள்.

"மொதல்ல படிச்சதுதான் அதுக்கு வேதமுங்க. தினமும் உங்களையும் படிக்கும். ஆனா மொதல்ல படிச்சதோட ஒத்துப்போகலைன்னா, அதைக் கோளாறுன்னு ஒதுக்கித் தள்ளிரும். உங்களை அந்த ஆளா ஆக்கத்தான் பார்க்கும்."

"ஏனுங்க, இதையெல்லாம் யோசிக்காமயா செஞ்சாங்க?"

"செஞ்ச ஊர்ல புது நாற்காலியில அடுத்தவங்களை மொதல்ல உட்காரச் சொல்ல மாட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றான் அப்பாஸ், பரிதாபமாக.

கோகிலா மூன்றாம் மாடிக்கு ஓடினாள். திலகவதி கோப்புகளுக்கு நடுவில் தனியாக இருந்தாள். அவள் நாற்காலி அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. கால் தரையில் படாமல் தொங்கியது. இடது பக்கம் சாய்வாள்; நாற்காலி ஒரு முனகலோடு அவளை நேராக்கும். மறுபடி சாய்வாள். அது மறுபடி நேராக்கும். அவள் உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, இதுல உட்காராதீங்க. எந்திரிங்க."

திலகவதி அவள் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"மொதல்ல புரியல. கைப்பிடியில ஒரு சின்னப் படம் வந்துது, நெஞ்சாட்ட. அதுல ஒரு எடம் செவந்து கெடந்துது. உன்ற நாற்காலியிலயும் அதே, வேலுச்சாமி அண்ணன்துலயும் அதே. ஒன்பதாவது வரும்போது புரிஞ்சுபோச்சு. செவப்பு நாற்காலிக்கு இல்லை, எனக்குன்னு. அதனாலதான் என்றதுல உன்னை உட்காரச் சொன்னேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "உங்க வேலைக்கே உலை வைக்கும்னு அப்பத் தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது" என்றாள்.

"தெரிஞ்ச பொறவு சொல்லியிருக்கலாமில்லக்கா? நான் செத்துப்போயிருவேன்னு என்ற புள்ளைக்குத் தலை பின்னப் பழக்கிட்டிருந்தேன்."

திலகவதி அழுதாள். "தாராபுரத்துல என்னை என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமா? வாக்கப்பட்டு வந்த ஆறாம் மாசமே புருஷனை முழுங்கினவள்னு. கல்யாண வீட்ல சமையக்கட்டைத் தாண்டி வர விட மாட்டாங்க. இங்க வந்துதான் நான் ராசிக்காரி ஆனேன். ஒன்பது பேருக்கும் நான்தான் சாவைக் கொண்டுவந்து வச்சேன்னு தெரிஞ்சா, அதே வாயி என்னை என்னன்னு கூப்பிடும்? செத்தாலும் பரவால்ல, அந்தப் பேரோட போக மாட்டேன் கண்ணு."

கோகிலாவுக்கு வந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "பேரு கிடக்குதுக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"போலாம். நானே நிரஞ்சனாகிட்டச் சொல்றேன். ஆனா நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. முதல் முதலா ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கறது, நல்ல நாள்ல மிதிப்போம். சனிக்கெழமை தசமி. காலையில நீயே வந்து கூட்டிட்டுப் போ."

கோகிலா மறுத்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் அவளும் அஷ்டமியில் மகளுக்குக் காது குத்தாதவள். நவமியில் அடுப்பு மாற்றாதவள். ராகு காலத்தில் உட்காரப் பயந்துதானே இதெல்லாம் ஆரம்பித்தது. இருந்தும், இரண்டு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றியது. சரிக்கா என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். திலகவதி திரையைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, தாங்கலில் அழகாகப் பதிந்திருந்தது. கண் மூடியிருந்தது. அசந்துவிட்டாள் போலிருக்கிறது என்று கோகிலா நினைத்தாள். எழுப்பலாமா என்று நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. நிதானமாக, ஒரே சீராக அடித்தது. கோகிலாவுக்கு நிம்மதியாக இருந்தது. தூங்கட்டும், பாவம் என்று பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். தயிர்சாதத்தில் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மூன்றாவது வாயைக் கையில் எடுத்தபோதுதான் அந்தத் துடிப்பில் ஒரு தட்டுகூட விட்டுப்போகவில்லை என்பது உறைத்தது.

அக்கா இப்படி நேராக உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. இடது பக்கம் சாயவில்லை. நாற்காலியோடு சண்டையும் போடவில்லை. எதிர்த் திரையில், 'அருமை! இன்று உங்கள் உடல் முழுமையாகப் பொருந்தியிருக்கிறது' என்று ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது. கோகிலா அவள் கையைத் தொட்டாள். கை சில்லிட்டுக் கிடந்தது. அடித்துக்கொண்டிருந்தது கோகிலாவின் நெஞ்சு. அந்த நெஞ்சை முதுகில் வாங்கிக்கொண்டு திலகவதி எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு நேராக உட்கார்ந்திருந்தவளை வேலை செய்கிறாள் என்றே அந்த மாடி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது.

அன்று நவமி.

கோகிலா எல்லாவற்றையும் நிரஞ்சனாவிடம் சொன்னாள். அழுதுகொண்டே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஒன்பது நாற்காலிகளும் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போயின. ஒன்பது ஒப்பந்தங்களும் சத்தமில்லாமல் புதுப்பிக்கப்பட்டன. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாவது நாற்காலியைத் துடைத்து கோகிலாவின் மேஜைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். "உங்களையே படிச்சதுதானே, எதுக்கு வீணாக்கணும்?" என்றாள் நிரஞ்சனா. உட்கார்ந்து பார்த்தாள். முட்டிக்குப் பின்னால் சரியாக மூன்று விரல் போனது. இடுப்புத் தாங்கல் இடுப்பில் இருந்தது. வாழ்க்கையில் அவளுக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய நாற்காலி வேறில்லை. அன்றிலிருந்து முதுகு படாமல் நுனியிலேயே உட்கார்ந்து வேலை செய்தாள்.

தாராபுரத்துப் பெயர் திலகவதிக்கு இங்கே வரவில்லை. "நமக்கு வந்ததை அக்காளே வாங்கிட்டுப் போயிட்டாங்க. போகும்போதும் நமக்கு நல்லதுதான் பண்ணிட்டுப் போனாங்க" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இதற்காகவா அக்கா வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று கோகிலா மனசுக்குள் சண்டை போட்டாள்.

புதிய நாற்காலிகள் வந்தன. அவரவர் நாற்காலியில் அவரவரே முதலில் உட்கார வேண்டும் என்று நிரஞ்சனா கண்டிப்பாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள். அன்றைக்கு நாளும் நல்ல நாள்தான், ராகு காலமும் இல்லை. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. எல்லாரும் கோகிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலுச்சாமி தன் நாற்காலியை அவள் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார். "நீ உட்காரு கண்ணு. உன்ற நெஞ்சு நல்ல நெஞ்சு."

"அண்ணா, இன்னுமா ராசி பார்க்கறீங்க?"

"ராசியெல்லாம் இல்ல." அவர் குரல் இறங்கியது. "எனக்கென்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரிய வேண்டாம். அவ்வளவுதான்."

கோகிலா அவருக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாக் கண்ணிலும் அதே கெஞ்சல். இவர்களில் யார் யாருக்கு என்னென்ன இருக்கிறதோ? இவள் ஒருத்தி உட்கார்ந்து எழுந்தால் போதும். எல்லா முதுகிலும் இவளுடைய நெஞ்சு தட்டும். யார் எப்போது போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"உட்கார மாட்டனுங்கண்ணா. நீங்க என்ற கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. இப்பவே."

"வர்றேன் கண்ணு. இரு, நாள் எப்படின்னு மட்டும் பார்த்துக்கறேன்" என்று வேலுச்சாமி கைபேசியில் நாள்காட்டியைத் திறந்தார். கோகிலா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் கையை இறுக்கிப் பிடித்து, ஒரு வார்த்தை பேச விடாமல் மின்தூக்கி வரை இழுத்துக்கொண்டு போனாள். இந்தக் கையையாவது விடக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு.

மின்தூக்கிக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தாள். மிச்சமிருந்தவர்கள், போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சுற்றி நின்றார்கள். "உனக்கு என்ன வயசும்மா? ஓட்டமெல்லாம் ஓடுவியா? வா, வா, இதுல சித்த உட்காரு" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

கதவு மூடும்போது பச்சை விளக்கு எரிந்தது.